குளோரியா மிஸ்ஸின் ஐந்து கடைகள்

காக்ஸ் டவுனில் குளோரியா மிஸ்ஸிடம் யு.கே.ஜி. படித்தவர்களை அடையாளம் காண்பது சுலபம். வங்கியில் படிவம் நிரப்பும்போது எழுத்துகள் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி எழுதுவார்கள். பேருந்து நிறுத்தத்தில் யாருமே இல்லாதபோதும் வரிசையாக நிற்பார்கள். பெங்களூரில் இந்த இரண்டாவது குணம் பெரிய இடைஞ்சல். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் வரிசையில் நின்றவனுக்கு உட்கார இடம் கிடைத்ததாக இதுவரை தகவல் இல்லை. ஆனாலும் நிற்பார்கள். அஸ்திவாரம் அப்படிப் போடப்பட்டுவிட்டது.

அஸ்திவாரம் போட்டவர் உயரத்தில் அதிகம் இல்லை. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, உள்மணிக்கட்டில் திருப்பிக் கட்டிய கடிகாரம், மேஜைமேல் ஒரு பித்தளை மணி. அந்த மணி முதலில் மாதா கோயிலில் பூசைப்பீடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கைப்பிடி ஆட்டம் கண்டதும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கோயிலில் அது ஒலித்தபோது பின்வரிசையில் சிலர் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். குளோரியா மிஸ் கைக்கு வந்த பிறகு அது ஒலித்து ஒரு குழந்தைகூட வாய் திறந்ததில்லை. ஒரு அடி அடித்தால் கை கட்ட வேண்டும். இரண்டு அடித்தால் வரிசை. இந்த அமைதியை அவர் மிகவும் சத்தமாகக் கேட்டு வாங்குவார். "சைலன்ஸ்!" என்று அவர் சொல்வது தெருக்கோடி பேக்கரியில் பன் வாங்க நிற்பவர்களுக்கும் கேட்கும். அவர்களும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள்.

இப்படியே ஒரு தலைமுறை ஓடியது. தன்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளே வந்து சேர ஆரம்பித்த நேரத்தில்தான் லேர்னிங் சென்டர் வந்து சேர்ந்தது.

பள்ளியின் தாளாளர் ஃபாதர் ரெமிஜியஸ் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துப் பேசுவார். அன்றைக்கு மின்விசிறியைத்தான் பார்த்தார்.

"இனிமே சின்ன கிளாஸ்ல பெஞ்ச் கிடையாதும்மா. அஞ்சு லேர்னிங் சென்டர் வைக்கணும். படிக்க ஒண்ணு, எழுத ஒண்ணு, கதை கேக்க ஒண்ணு, அந்த மாதிரி. பசங்க தானா கத்துக்கும். இது நான் சொல்றது இல்ல. போர்டு சொல்லுது."

"போர்டுக்கு நீங்கதானே ஃபாதர் செக்ரட்டரி?"

"அதனாலதான் போர்டு சொல்லுதுன்னு எனக்குத் தெரியும்."

குளோரியா மிஸ் காத்திருந்தார். மின்விசிறியிடம் இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருப்பது தெரிந்தது.

"ஆகஸ்ட் கடைசியில போர்டு அனுப்பற ட்ரெயினர், ஸ்ரீஹர்ஷான்னு ஒருத்தர் வந்து உங்க கிளாஸ்ல உக்காந்து பார்ப்பார். சரியா நடந்தா சந்தோஷம்."

"நடக்கலேன்னா?"

"நீங்களும் எவ்வளவு நாள் ஓடியாடுவீங்க? யு.கே.ஜி.யை எல்.கே.ஜி. தாரணி பாத்துக்கட்டும். நீங்க சப்ஸ்டிட்யூஷன்ல இருங்க. ஃப்ரீயா இருக்கலாம்."

சப்ஸ்டிட்யூஷன் என்பது அலுவலக வார்த்தை. ஆசிரியர் அறையில் அதன் பெயர் ஸ்டெப்னி. எந்த டீச்சர் லீவோ அந்த வகுப்பில் போய் உட்கார வேண்டும். சொந்த வகுப்பு கிடையாது, சொந்த அலமாரி கிடையாது, "எங்க மிஸ்" என்று சொல்ல ஒரு குழந்தை கிடையாது. இதற்கு முன் டோரதி மிஸ்ஸை அப்படித்தான் ஃப்ரீயாக விட்டார்கள். கைப்பையை மாட்டிக்கொண்டு அவர் வராந்தாவில் யாராவது லீவு போட மாட்டார்களா என்று நடப்பதைக் குளோரியா மிஸ் தினமும் பார்த்திருக்கிறார். யாரும் லீவு போடாத நாட்களில் டோரதி மிஸ் அலுவலக வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் வேலையை விட்டுவிட்டார். அவர் போனதை ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லை.

"வைக்கிறேன் ஃபாதர், அஞ்சு சென்டரும்" என்று சொல்லிவிட்டுக் குளோரியா மிஸ் எழுந்தார்.

அவருக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. தவறையும் முழுமையாகத்தான் செய்வார்.

ஸ்ரீஹர்ஷா நடத்திய ஒருநாள் பயிற்சிக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். முப்பதைத் தாண்டாத இளைஞர் அவர், வீட்டில் கன்னடம். தமிழ் டீச்சர்கள் முன்னால் தமிழில் பேச முயன்று, பாதியில் ஆங்கிலத்தில் ஏறி, கன்னடத்தில் இறங்குவார். திரையில் வண்ண வண்ணமாக மூலைகள் வந்தன. குழந்தைகள் ஒவ்வொரு சென்டராகச் சுற்றி வருவார்கள் என்றார். குளோரியா மிஸ் கையைத் தூக்கினார்.

"சார், அப்ப டீச்சர் என்ன செய்யணும்?"

"டீச்சர் அப்சர்வ் மாடணும் மேடம்."

"அதாவது, பசங்க ஆளுக்கொரு மூலையில இருக்கும். நான் சும்மா பாத்துட்டிருக்கணும்?"

"ஹௌது மேடம்" என்று தலையாட்டினார்.

பாவம், நேரம் போதாமல் முக்கியமான ஏதோ ஒன்றை விட்டுவிட்டார் என்று குளோரியா மிஸ் நினைத்துக்கொண்டார். விட்டதைத் தானே நிரப்பிக்கொள்வது என்று முடிவு செய்தார்.

வகுப்பறை ஒரே வாரத்தில் மாறியது. பெஞ்சுகள் வெளியேறின. சன்னலோரம் புத்தகங்கள் வந்தன. கதவுக்குப் பக்கத்தில் மணல் பரப்பிய தட்டு, விரலால் எழுத்துப் போட. ஒரு மூலையில் பழைய கைபேசி ஒன்று, அவர் குரலிலேயே பதிவு செய்த கதைகளுடன். இன்னொரு பக்கம் கிரேயான், காகிதம், பசைப் புட்டி. கரும்பலகைக்குக் கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கி ஒரு பேக்கரி. பஃப், பன், ரஸ்க், கேக் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. குழந்தைகள் அதைப் படித்துப் பார்த்து ஆர்டர் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மூலைக்கு மேலேயும் சுவரில் ஒரு படமும் ஓர் எண்ணும், ஒன்று முதல் ஐந்து வரை.

சுவரில் வரிசையாக எண் போட்ட படங்கள். கூட்டம் ஒவ்வொன்றாகச் சுற்றி வர வேண்டும். இதைச் செய்யக் குளோரியா மிஸ்ஸுக்கு ஸ்ரீஹர்ஷா சொல்லித்தர வேண்டியதே இல்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சிலுவைப் பாதை நடப்பதை விரல் பிடித்து நடந்த வயதிலிருந்து பார்த்தவர். சுவரில் பதினான்கு படங்கள். எல்லோரும் ஒரு படத்தின் முன் நிற்பார்கள், செபிப்பார்கள், பாட்டுப் பாடிக்கொண்டே அடுத்த படத்துக்கு நகர்வார்கள். யாரும் முந்துவதில்லை, பிந்துவதில்லை. சுற்றி வருவது என்றால் அவர் உடம்புக்குத் தெரிந்தது அதுதான்.

முதல் ஒத்திகையில் முப்பது குழந்தைகளும் இரண்டு வரிசையில் கிளம்பினார்கள். முதல் சென்டரில் எல்லோரும் மணல் தட்டின் முன் நின்றார்கள். ஒரு குழந்தை முன்னால் வந்து எல்லோர் சார்பிலும் 'ஏ' எழுதியது. மற்றவர்கள் "ஏ!" என்றார்கள். மணி. பாட்டின் ஒரு வரி. இரண்டாவது சென்டரில் மிஸ் ஒரு புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மணி. பாட்டின் அடுத்த வரி. மூன்றாவதில் கைபேசியை உயர்த்திப் பிடித்துக் கதை கேட்டார்கள். யாரும் அழவில்லை, யாரும் ஓடவில்லை. இவ்வளவு எளிதான விஷயத்துக்கா ஒரு நாள் பயிற்சி என்று மிஸ் நினைத்தார்.

நான்காவது சென்டரில் ரயான் முழங்கால் போட்டான்.

ரயான் கோயிலுக்குப் பக்கத்து வீட்டுப் பையன். அவன் உடம்புக்கும் அந்த ஞாபகம் இருந்தது. அவன் போட்டதைப் பார்த்துப் பக்கத்துக் குழந்தையும் போட்டது. பிரேசர் டவுனிலிருந்து வரும் ஜைனப், இங்கே இதுதான் முறை போலிருக்கிறது என்று அவளும் போட்டாள். அரை நிமிடத்தில் வகுப்பு முழுவதும் பசைப் புட்டியின் முன் முழந்தாளிட்டிருந்தது.

வாசலில் எல்.கே.ஜி. டீச்சர் தாரணி நின்றிருந்தாள். தர்மபுரிப் பக்கம், கணவனுக்கு ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததால் இந்த ஊருக்கு வந்தவள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இது என்னாங்க மிஸ்?"

"லேர்னிங் சென்டர்."

"தப்பா நெனைக்காதீங்க. வெள்ளிக்கெழம சர்ச்சுல சுத்துவீங்களே, அப்படியே இருக்குதுங்க."

இல்லை என்று சொல்லத்தான் குளோரியா மிஸ் திரும்பினார். பசைப் புட்டியையும் அதன் முன்னால் குனிந்த முப்பது தலைகளையும் பார்த்தார். 

"எழுந்திருங்கடா" என்றார், வழக்கத்தைவிட மெதுவாக.

மதியம் தாரணி தன் டிபன் பெட்டியை எடுத்துக்கொண்டு யு.கே.ஜி.க்கே வந்து உட்கார்ந்தாள். "குழுவுக்கு ஆறு பேரா பிரிச்சு, ஒரே நேரத்துல அஞ்சு பக்கமும் உக்கார வெக்கணுங்க மிஸ். அதைத்தான் அந்த சார் சொன்னாரு."

"உனக்கு என்ன வந்தது? நான் தோத்தா கிளாஸ் உனக்குத்தானே?"

தாரணி சாப்பிடுவதை நிறுத்தினாள். "அய்யய்யோ, அதாங்க மிஸ் பயமே. யு.கே.ஜி. பேரண்ட்ஸ் எல்லாம் உங்க கையெழுத்து வேணும்னுதான் சேக்கறாங்க. என் கையெழுத்தப் பாத்திருக்கீங்களா? கோழி கிளறின மாதிரி இருக்கும். எல்.கே.ஜி.ல கோடு போட்டா போதும், நிம்மதியா இருக்கறேன். எனக்காகவாவது பாஸ் ஆயிடுங்க மிஸ்."

தன் நாற்காலியைப் பறிக்க வந்தவள் என்று யாரிடம் இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாரோ, அவள்தான் அந்த நாற்காலியைக் கண்டு அதிகம் பயந்தவள். குளோரியா மிஸ் தன் டப்பாவிலிருந்து ஒரு மீன் வறுவலை எடுத்துத் தாரணியின் மூடியில் வைத்தார். சமாதான ஒப்பந்தம் அத்துடன் முடிந்தது.

மறுநாள் ஐந்து குழு. ஒரே நேரத்தில் ஐந்து மூலை. மணி அடித்தால் எல்லோரும் அடுத்த மூலைக்கு மாற வேண்டும். ஏட்டில் இது அழகாக இருந்தது. நடைமுறையில் குளோரியா மிஸ் மணல் தட்டில் ஒரு விரலைப் பிடித்திருந்தபோது கதை மூலையில் இருவர் கைபேசியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஓடினால் பேக்கரியில் ஒருவன் காகித ரஸ்க்கைத் தின்றுகொண்டிருந்தான். மணி அடித்தபோது ரயான் தன் பெயரில் பாதியை எழுதியிருந்தான். விதிப்படி எழுந்து போய், மீதிப் பாதியை அடுத்த மூலையின் சுவரில் எழுதினான். எல்லோருக்கும் கதை மூலையே வேண்டும். புத்தக மூலைக்கு யாருக்கும் வழி தெரியவில்லை. மணல், வகுப்பின் எல்லா இடத்திலும் இருந்தது, தட்டைத் தவிர.

இப்படியே ஒரு வாரம். குளோரியா மிஸ்ஸின் தொண்டை கட்டிக்கொண்டது. வரிசைக்குப் பேர்போன வகுப்பின் இரைச்சலைக் கேட்டு ஃபாதர் ரெமிஜியஸ் ஒருமுறை எட்டிப் பார்த்தார். அங்கே இருந்த மின்விசிறியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டில் பரணிலிருந்து ஏதோ இழுபடும் சத்தம் கேட்டு, ஓய்வுபெற்ற கணவர் கிளிஃபர்ட் செய்தித்தாளோடு வந்தார். குளோரியா மிஸ் ஸ்டூலின் மேல் நின்றிருந்தார்.

"என்னா மா, மேல என்ன தேடற?"

"பழைய ஜமுக்காளம். புக் கார்னருக்குப் போட்டா யாராவது உக்காருவாங்க."

"இந்தக் கட்டின தொண்டையோட ஸ்டூல் ஏறணுமா? எறங்கு, நான் எடுக்கறேன்."

"உங்க முட்டிய வெச்சுட்டு நீங்க ஏறுனா, அப்புறம் உங்களை எறக்க ரெண்டு ஆள் வேணும்."

ஜமுக்காளத்தை இழுத்ததில் பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டி கவிழ்ந்தது. அதிலிருந்து வர்ண வளையங்கள் கூடம் முழுவதும் உருண்டு ஓடின. கோயில் ஃபேட்டுக்கு உரிய சாமான்கள். வருடம் ஒருமுறை கோயில் வளாகத்தில் நடக்கும் சின்னத் திருவிழாச் சந்தை அது. வளையம் எறியும் ஹூப்லா கடை, கேக் கடை, பிரியாணிக் கடை, எண் அடிக்கும் ஹௌஸி ஆட்டம், பழைய புத்தகக் கடை என்று சுற்றிலும் கடைகள். அத்தனை கடைகளுக்கும் பொறுப்பாளர் வருடக்கணக்காகக் குளோரியா மிஸ். பெட்டி அதனால்தான் அவர் வீட்டுப் பரணில் இருந்தது.

கிளிஃபர்ட் ஒரு வளையத்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து காலால் இழுத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. ஃபேட்டுல ஊரே வந்து விழுது. குழந்தை குட்டி, கிழவன் கிழவி, குடிச்சவன்கூட வரான். அங்க நீ மணி அடிச்சு நான் பாத்ததில்ல. ஒரு நாற்காலிய போட்டுட்டு, கையில டீயோட உக்காந்திருப்ப. இங்க முப்பது வாண்டுக்கு ஏன் இந்தப் பாடு?"

"அது வேற. அங்க அவங்கவங்களுக்கு எங்க போகணுமோ அங்க போவாங்க."

"சரி."

"ஹூப்லாவுல நாலு செட்டு வளையம்தான். வளையம் இல்லேன்னா நின்னு என்ன பிரயோஜனம்? அடுத்த கடைக்குப் போவாங்க. நான் சொல்ல வேண்டியதே இல்ல."

"சரி மா. நான் ஒண்ணும் சொல்லலியே. நீதான் சொல்லிட்டிருக்க."

குளோரியா மிஸ் ஸ்டூலில் நின்றபடியே கையிலிருந்த ஜமுக்காளத்தைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த வளையங்களைப் பார்த்தார். தவக்காலத்திலிருந்து திருவிழாவுக்கு வர வேண்டியதுதான் பாக்கி. ஒரே கோயில், ஒரே வளாகம். அவர் ஏனோ முதலில் தவக்காலத்தின் பக்கமாகவே போய்விட்டார்.

"சனிக்கிழமை சிவாஜிநகர் போகணும்" என்றார். "துணி கிளிப் வாங்க."

"எறங்கினதுக்கு அப்புறம் போலாமா?" என்றார் கிளிஃபர்ட்.

திங்கட்கிழமை சுவரிலிருந்த எண்கள் காணாமல் போயிருந்தன. ஒவ்வொரு மூலையிலும் ஒரு கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு வண்ணத்தில் கிளிப்கள். புத்தக மூலைக்குப் பச்சை, மணலுக்கு மஞ்சள், பேக்கரிக்குச் சிவப்பு என்று. எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போகலாம். போகிறவர் அந்தக் கடையின் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது கயிற்றில் மாட்டிவிட வேண்டும். கயிறு காலி என்றால் கடையில் இடம் இல்லை, வேறு கடை பார்க்க வேண்டியதுதான். ஒரு நாளில் புத்தகக் கடையை மட்டும் யாரும் தவற விடக்கூடாது. ஃபேட்டில் பழைய புத்தகக் கடைக்குப் பக்கத்தில் கேக் கடையைப் போடுவது குளோரியா மிஸ்ஸின் பழைய தந்திரம். ஆகவே இங்கேயும் பேக்கரி, புத்தகங்களுக்குப் பக்கத்தில் நகர்ந்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் பஃப் 'வேகும்' வரை ஜமுக்காளத்தில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். சிலர் பஃப்பை மறந்துவிட்டார்கள்.

சென்டர் என்ற சொல் அன்றோடு வழக்கொழிந்தது. "கடை" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கன்னடம் பேசும் குழந்தைகள் "அங்கடி" என்றார்கள்.

முதல் நாள் கதைக் கடையின் கிளிப் கிடைக்காமல் இரண்டு பேர் அழுதார்கள். இரண்டாம் நாள் ஒருவர். அதற்குப் பிறகு ஜைனப் கடைகளுக்கெல்லாம் தானாகவே மேற்பார்வையாளர் ஆகிவிட்டாள். அவளிடம் அழுது பயனில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இரைச்சல் மட்டும் போகவில்லை. ஆனால் அது வேறு இரைச்சல். ஒரு பஃப், இரண்டு பன் என்று ஆர்டர் எழுதிக் கேட்கிற இரைச்சல். எழுதியதை, எழுதியவனே படிக்க முடியாமல் சண்டை போடுகிற இரைச்சல். "இது 'பி' இல்ல, 'டி'. நீ திருப்பிப் போட்டிருக்க" என்று ஒரு குழந்தை இன்னொரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் குளோரியா மிஸ்ஸுக்கு மாதம் பிறந்தால் சம்பளம்.

எல்லாம் சரியாக நடந்ததில் குளோரியா மிஸ்ஸுக்கு ஒரே ஒரு கஷ்டம். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இடுப்பில் வைத்துப் பார்த்தார். கட்டிக்கொண்டு பார்த்தார். அப்சர்வ் மாடுவது இவ்வளவு களைப்பான வேலை என்று அந்த ஸ்ரீஹர்ஷா பயிற்சியில் சொல்லவே இல்லை.

ஆகஸ்ட் கடைசியில், சொன்னபடியே, ஸ்ரீஹர்ஷா வந்தார். கையில் ஒரு டேப்லெட். உட்கார இடம் தேடினார். பெரிய நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அது மிஸ்ஸுடையது. ஆகவே குழந்தைகள் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் தாடையைத் தொட்டது. தாரணி தன் எல்.கே.ஜி. குழந்தைகளைப் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு, சன்னல் வழியாக ஒரு கண்ணை மட்டும் இங்கே வைத்திருந்தாள்.

கடைகள் திறந்தன. கிளிப்கள் சட்டை மாறின. ரயான் மணலில் தன் பெயரை முழுதாக எழுதிவிட்டு, அழித்துவிட்டு, மறுபடி எழுதினான். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அதுதான் குளோரியா மிஸ்ஸைப் பயமுறுத்தியது. மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். குழந்தைகள் பேசுகிறார்கள். பேக்கரியில் ஒருத்தி, "ரஸ்க் தீந்து போச்சு, நாளைக்கு வா" என்று கத்துகிறாள். இன்ஸ்பெக்ஷனில் இப்படியா இருக்கும்? மேலிடம் வந்தால் வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது அவர் எலும்பில் ஊறியது. டேப்லெட்டில் ஸ்ரீஹர்ஷாவின் விரல் ஒருமுறை வேகமாக ஓடியது. தாரணியின் ஒற்றைக் கண் சன்னலில் தெரிந்தது. டோரதி மிஸ்ஸின் கைப்பை வராந்தாவில் நடந்து போவது போல இருந்தது.

கை தானாகப் போய் மணியை எடுத்தது. அடித்தது. ஒரு அடி. கை கட்ட வேண்டிய அடி.

ஒருவரும் கை கட்டவில்லை.

மணி கேட்காமல் இல்லை. ஜைனப் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். யாரோ எங்கோ மணி அடிக்கிறார்கள் என்பது போல மறுபடி குனிந்து ஆர்டரை எழுதினாள். மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை. பூசைப்பீடத்திலிருந்து வந்த மணி, கோயிலின் பின்வரிசையில் கிடைத்த மரியாதையைக்கூட இங்கே பெறவில்லை.

குளோரியா மிஸ் மணியை மேஜைமேல் வைத்தார், சத்தம் வராமல். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார். அடுத்த மாதத்திலிருந்து கைப்பையோடு வராந்தா. வருகிறவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்று சொல்ல வேண்டும். அதையாவது தெளிவாகச் சொல்லலாம்.

ஸ்ரீஹர்ஷா சின்ன நாற்காலியிலிருந்து பகுதி பகுதியாக எழுந்து வந்தார்.

"மேடம், அந்த பெல் எதுக்கு?"

"பழக்கம் சார்."

"யாரும் கேக்கலையே?"

"கேக்கல." உதட்டைக் கடித்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல இதுதான் முதல் தடவை. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேன் மேடம். அதைத்தான் முதல்ல எழுதினேன்." அவர் சிரித்தார். "இருபது ஸ்கூல் பாத்துட்டு வந்திருக்கேன். எல்லா இடத்துலயும் சென்டர் சூப்பரா இருக்கும். பெல் அடிச்சா மக்களு, அதான் பசங்க எல்லாம், டப்புன்னு எழுந்து நிப்பாங்க. யாருக்கும் செய்யற வேலை மேல ஆசையே இல்ல. இங்க பெல் அடிச்சும் யாரும் எழுந்துக்கல. ஹேகே மேடம், எப்படி பண்ணீங்க?"

 தன் வாழ்நாளின் முதல் ஒழுங்கீனத்துக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு நிற்பது குளோரியா மிஸ்ஸுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"எங்க சர்ச்சுல ஃபேட் நடக்கும் சார்" என்றார். "அந்த மாதிரி."

"நைஸ். எனக்கும் ஒரு கிளிப் சிகுத்தா, கிடைக்குமா?"

"கேட்டுப் பாருங்க" என்று ஜைனபைக் காட்டினார்.

மதியம் ஃபாதர் ரெமிஜியஸ் கூப்பிட்டனுப்பினார். குளோரியா மிஸ் உள்ளே நுழைந்ததும் முதலில் அவர் கண்களைத்தான் கவனித்தார். ஃபாதர் மின்விசிறியைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்தார்.

"யு.கே.ஜி. உங்களுக்குத்தாம்மா. தாரணி எல்.கே.ஜி.லயே இருக்கட்டும். போர்டு சொல்லிடுச்சு."

"தேங்க்ஸ் ஃபாதர். போர்டுகிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிட்டேன்" என்றார் செக்ரட்டரி.

வராந்தாவில் தாரணி தூணுக்குப் பின்னால் காத்திருந்தாள். குளோரியா மிஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. "அப்பாடா!" என்று இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தோற்றவளாக இருக்க வேண்டியவளுக்குத்தான் மகிழ்ச்சி அதிகம். பள்ளி விட்டதும் இருவரும் தெருக்கோடி பேக்கரிக்குப் போனார்கள். ஆளுக்கொரு முட்டை பஃப், சூடாக. குளோரியா மிஸ் முதல் கடியிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டார். ஆனாலும் கீழே வைக்கவில்லை. 

"மணி அடிச்சீங்களே மிஸ், அப்ப எனக்கு உசுரே போயிடுச்சு."

"எனக்கு மட்டும் என்ன? ஒரு பய திரும்பணுமே! வளத்த கடா."

"கோவமா மிஸ்?"

குளோரியா மிஸ் யோசித்தார். உதட்டில் ஒட்டியிருந்த பஃப் துணுக்கைத் துடைத்தார்.

"கொஞ்சம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மறுநாள் கடைகள் வழக்கம்போலத் திறந்தன. பார்க்க யாரும் வரவில்லை, பயப்பட எதுவும் இல்லை. கையை எங்கே வைப்பது என்ற பழைய பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது. நின்று நின்று கால் வலித்தது. சன்னலோரம் ஜமுக்காளத்தின் மேல் வெயில் விழுந்திருந்தது. நாலு குழந்தைகள் குப்புறப் படுத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு நேரத்தில் தரையில் உட்காரும் எண்ணம் குளோரியா மிஸ்ஸுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. புடவையை ஒதுக்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

ஜைனப் வந்து முன்னால் நின்றாள். இடுப்பில் கை.

"மிஸ், உங்க கிளிப் எங்க?"

அவர் கயிற்றைப் பார்த்தார். பச்சைக் கிளிப் ஒன்றுகூட மிச்சமில்லை.

"நான் மிஸ் தானே, ஜைனப். சும்மா கொஞ்ச நேரம்…"

"நக்கோ மிஸ், வேணாம். இங்க ஃபுல்லு. வேற கடைக்குப் போங்க."

குளோரியா மிஸ் ஒரு கணம் அவளைப் பார்த்தார். குரலைக் கேட்டால் யாரிடம் படிக்கிறவள் என்று தெருக்கோடி வரை தெரியும். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். பேக்கரிக் கயிற்றில் ஒரே ஒரு சிவப்புக் கிளிப் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கஞ்சி போட்ட முந்தானையில் மாட்டிக்கொண்டு, பஃப் வாங்கும் வரிசையில் போய் நின்றார். முன்னால் ரயான் நின்றிருந்தான். அவன் ஆர்டர் எழுதி முடிக்க நேரமாகும் போலிருந்தது. ஆகட்டும், அவசரம் ஒன்றுமில்லை.